மனநல வார்டுக்கு வேண்டிய மூளை அறிவியல்: எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது

மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் செல்லும் பாதைகள் நான்கையும் தேர்வில் தப்பில்லாமல் எழுதிய மாணவர், பிறகு ஹவுஸ் சர்ஜனாக காஷுவால்டியில் நிற்கிறார். கழுத்து ஒருபக்கம் திருகி, கண் மேலே செருகிய நிலையில் ஓர் இளைஞரைக் கொண்டுவருகிறார்கள். கேஸ் ஷீட்டில் 'ஹிஸ்டீரியா' என்று எழுதப்படுகிறது. முந்தின நாள், இதே பக்கவிளைவைத் தரக்கூடிய மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் ஊசி போட்டதும் அதே கேஸ் ஷீட்டில்தான் இருக்கிறது. பாதையை முதலாண்டில் ஒரு துறையும், மருந்தை இரண்டாமாண்டில் இன்னொரு துறையும், நோயாளியை அதற்கப்புறம் மூன்றாவது துறையும் காட்டின. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து யாரும் காட்டவில்லை.

இதைச் சரிசெய்யப் புதிய பாடப்புத்தகம் தேவையில்லை. வகுப்பின் வரிசையை மாற்றினால் போதும். ஒவ்வொரு வகுப்பும் நோயாளியிடம் காணும் ஓர் அறிகுறியில் தொடங்க வேண்டும். அங்கிருந்து மூளையின் சுற்றுக்குப் போய், மருந்தையோ சிகிச்சையையோ பற்றிய ஒரு முடிவுக்குத் திரும்பி, குடும்பத்தாரிடம் சொல்லும் நாலு வாக்கியத்தில் முடிய வேண்டும். எந்த முடிவையும் மாற்றாத மூளைத் தகவல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வகுப்புக்கு வேண்டாம். அதற்கு உடலியங்கியல் வகுப்பு இருக்கிறது.

நேரமும் ஆட்களும்

இந்தியாவில் 2019 முதல் நடைமுறையில் உள்ள திறன்சார் பாடத்திட்டம் இதற்கு இடம் தருகிறது. முதலாண்டிலேயே நோயாளியைக் காட்டும் நேரம் அதில் உண்டு. துறைகள் சேர்ந்து பாடம் எடுக்கவும் வழி உண்டு. மனநலத் துறைக்கு என்று ஒதுக்கிய மணிநேரம் குறைவுதான். ஆகவே ஆறு வகுப்புக்கு மேல் திட்டமிடாதீர்கள். ஒன்று 90 நிமிடம், ஒரு குழுவில் எட்டுப் பேர். முதல் வகுப்பை முதலாண்டிலும், நான்கை மனநல வார்டு போஸ்டிங்கிலும், கடைசி ஒன்றை உள்ளுறைப் பயிற்சிக் காலத்திலும் வையுங்கள். பயிற்சிக் காலத்தில்தான் மாணவர் தானே மருந்து எழுதுகிறார். அப்போது கேட்பது மறக்காது.

இருவர் சேர்ந்து எடுப்பது நல்லது: உடற்கூறியல் அல்லது உடலியங்கியல் ஆசிரியர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர். மனநலத் துறையிலிருந்து மூத்த பி.ஜி. மாணவர் வந்தாலும் போதும். தினமும் ஊசி போட்டுப் பக்கவிளைவைப் பார்ப்பவர் அவர்தான். இருவரும் முன்கூட்டியே அரை மணிநேரம் உட்கார்ந்து, எந்தச் சொல்லை விடுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்த அரை மணிநேரம் தவறினால், ஒரே வகுப்பில் இரண்டு தனி விரிவுரைகள்தான் நடக்கும்.

பொருட்கள்: வெள்ளை சார்ட் ஆளுக்கு ஒன்று, நான்கு நிற ஸ்கெட்ச் பேனா, உடற்கூறியல் துறையிலிருந்து இரண்டு மூளைத் துண்டுகள். ஒன்று நடுமூளையின் குறுக்குவெட்டு. வயதுவந்தவரின் மூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா வெறுங்கண்ணுக்கே கறுப்புப் பட்டையாகத் தெரியும். மற்றொன்று மாமில்லரி பாடி வழியாகப் போகும் முன்பக்க வெட்டு. அதில் ஸ்ட்ரையேட்டமும் தாலமஸும் சேர்ந்து கிடைக்கும். ஃபார்மலினில் இருந்த துண்டை முதல் நாளிரவே எடுத்து ஓடும் நீரில் அலசி வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணெரிச்சலில் பத்து நிமிடத்தில் எல்லோரும் விலகி நிற்பார்கள். கையுறை கட்டாயம். ஆட்டு மூளை எளிதில் கிடைக்கிறது என்று சிலர் அதைக் கொண்டுவருகிறார்கள். மோப்பக் குமிழ் பெரிதாகவும் முன்நெற்றிப் புறணி சிறிதாகவும் இருப்பதால் இந்தப் பாடத்துக்கு அது குழப்பத்தையே தரும்.

நோயாளியை நேரில் காட்டுவதானால் அவரிடமே தெளிவாகச் சம்மதம் கேளுங்கள். குடும்பத்தாரின் சம்மதம் மட்டும் போதாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருடைய தகவலின் ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது.

டோபமின் வகுப்பு: இதை முழுதாகச் செய்யுங்கள்

ஆறில் இதுதான் அதிகப் பலன் தருவது. நேரக் கணக்குடன் சொல்கிறோம்.

முதல் பத்து நிமிடம் மூன்று நோயாளிகளின் குறிப்பு, ஒவ்வொன்றும் இரண்டே வரி. ஹாலோபெரிடால் தொடங்கிய இரண்டாம் நாள் இரவில் கழுத்து திருகிய 22 வயது ஆண். இன்னொரு மனநோய் மருந்தான ரிஸ்பெரிடோன் எடுக்கும்போது மாதவிடாய் நின்று, மார்பில் பால் கசியும் 30 வயதுப் பெண். மாயக்குரல் நின்றும் யாரோடும் பேசாமல், குளிக்காமல், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் 35 வயது ஆண். எந்த விளக்கமும் தராமல், 'இந்த மூன்றும் ஏன்?' என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த இருபது நிமிடம் வரைவது. மூளையின் நடுவெட்டு உருவத்தை ஒரே நிமிடத்தில் ஒவ்வொருவரும் வரைய வேண்டும், அழகு முக்கியமில்லை. நடுமூளையில் இரண்டு புள்ளிகள்: வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவும். சிவப்பு: முதல் புள்ளியிலிருந்து நியூக்ளியஸ் அக்கம்பன்ஸுக்கு. நீலம்: அங்கிருந்தே முன்நெற்றிப் புறணிக்கு. பச்சை: சப்ஸ்டான்ஷியா நைக்ராவிலிருந்து டார்சல் ஸ்ட்ரையேட்டத்துக்கு. கறுப்பு: ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கு. ஸ்ட்ரையேட்டமும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவும் நடுக்கோட்டில் இல்லை, பக்கத்தில் இருப்பதைப் படத்தில் நிழலாகப் போடுகிறோம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உடனே நடுமூளைத் துண்டைக் கையில் கொடுத்துக் கறுப்புப் பட்டையைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மனத்தில் தட்டையான படம்தான் தங்கும்.

அடுத்த அரை மணிநேரம், மூன்று நோயாளிகளையும் மாணவர்களே அம்புகளின் மேல் வைக்க வேண்டும். கழுத்து திருகியவர் பச்சை அம்பில்: மருந்தால் டி2 ரிசெப்டர் (டோபமின் வந்து ஒட்டும் இடம்) அடைபட்டதும் ஸ்ட்ரையேட்டத்தில் அசிட்டைல்கோலின் ஓங்கிவிடுகிறது. அதனால்தான் ப்ரோமெத்தசின் 25 முதல் 50 மி.கி. தசையில் போட்டால் பெரும்பாலும் அரைமணிக்குள் கழுத்து தளர்கிறது. அதன்பின் சில நாட்களுக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் 2 மி.கி. தரலாம். அதையே வருடக்கணக்கில் தொடர்ந்தால் ஞாபகமும் மலச்சிக்கலும் சிறுநீரும் பிரச்சினையாகும், முதியவரிடம் டெலிரியமே (திடீர் மனக்குழப்பம்) வரும். பால் கசியும் பெண் கறுப்பு அம்பில்: பால் சுரக்கச் செய்யும் ஹார்மோனான புரோலாக்டினை டோபமின் அடக்கிவைக்கிறது, அடக்குவது போனதும் அது உயர்கிறது. பிட்யூட்டரி இரத்த–மூளைத் தடுப்புக்கு வெளியே இருப்பதால், மூளைக்குள் எளிதில் போகாத மருந்துகூட அங்கே வேலை செய்துவிடுகிறது. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது கர்ப்பப் பரிசோதனை. பேசாமல் உட்கார்ந்திருப்பவர் நீல அம்பில் வருகிறார் என்று மாணவர்கள் சொல்வார்கள். பாதி சரி. மனச்சோர்வா, மருந்தின் மந்தமா, பச்சை அம்பு அடைபட்டதால் வந்த பார்க்கின்சன் போன்ற விறைப்பா என்று மூன்றையும் விலக்கிய பிறகே அதை நோயின் சொந்த அறிகுறி என்று சொல்ல முடியும்.

இங்கே நான்காவதாக ஒருவரைச் சேருங்கள். ஊசி போட்ட சில நாட்களில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடப்பவர். செவிலியர் குறிப்பில் 'கிளர்ச்சி அதிகம்' என்றிருக்கும். இது அகத்திசியா. நோய் கூடிவிட்டதென்று டோஸை ஏற்றுவதுதான் வார்டில் அடிக்கடி நடக்கும் தவறு. ஏற்ற ஏற்ற நடை கூடும், சிலர் தற்கொலை எண்ணம்வரை போவார்கள். 'உள்ளுக்குள்ள ஓட்டமா இருக்கா, உட்கார்ந்தா கால் துறுதுறுங்குதா?' என்று கேட்க மாணவருக்குப் பழக்குங்கள். டோஸைக் குறைப்பதும், ஆஸ்துமா இல்லையென்றால் புரோப்ரனலாலும்தான் வழி.

அடுத்த பதினைந்து நிமிடம் ஒரு செங்குத்துக் கோடு. அதில் மூன்று எண்கள்: 65, 72, 78. ஹாலோபெரிடால் தந்து பெட் ஸ்கேனில் பார்த்தபோது, டி2 ரிசெப்டர்களில் சுமார் 65 சதவீதம் அடைபட்டதும் நோய் தணியத் தொடங்குகிறது. 72-க்கு மேல் புரோலாக்டின் உயர்கிறது. 78-க்கு மேல் விறைப்பும் நடுக்கமும் வருகின்றன. கோட்டைப் பார்த்த மாணவருக்கு, டோஸை இரட்டிப்பதால் என்ன கிடைக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிராது. 'குளோசபின்?' என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அது 65-ஐ எட்டாமலே வேலை செய்கிறது. அரிபிப்ரசோல் 80-ஐத் தாண்டியும் பொதுவாக விறைப்பைத் தருவதில்லை, ஏனென்றால் அது ரிசெப்டரை அடைப்பதோடு ஓரளவு தூண்டவும் செய்கிறது. கோடு எல்லா மருந்துக்கும் பொருந்தாது என்று மாணவர் தெரிந்துகொள்வதும் பாடத்தின் பகுதியே.

ஒரு திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். மாயக்குரலும் சந்தேகமும் சிவப்பு அம்பால் வருகின்றன என்றே பல கைடுகளில் இன்னும் அச்சாகிறது. பெட் ஆய்வுகள் மனச்சிதைவில் டோபமின் உற்பத்தி கூடுவதை முக்கியமாக டார்சல் ஸ்ட்ரையேட்டத்தின் அசோசியேட்டிவ் பகுதியில் காட்டுகின்றன. தேர்வுக்குப் பழைய விடையையே எழுத நேரிடலாம், இரண்டையும் சொல்லிவிடுங்கள். மீதிப் பதினைந்து நிமிடம் குடும்பத்தாரிடம் பேசும் பயிற்சிக்கு. அதைப் பின்னால் தனியே பார்ப்போம்.

குடி நிறுத்திய மூன்றாம் இரவு

ஆர்த்தோ வார்டில் கால் முறிந்து சேர்ந்தவர், மூன்றாம் இரவில் போர்வையில் பூச்சி ஊறுகிறது என்று தட்டுகிறார், கை நடுங்குகிறது, வியர்வை கொட்டுகிறது, டிரிப்பைப் பிடுங்கிவிட்டு ஓடப் பார்க்கிறார். எந்தத் துறைக்குப் போகும் மாணவரும் இவரைச் சந்திப்பார். ஆகவே இந்த வகுப்பை மனநலத்தில் ஆர்வமில்லாத மாணவருக்காகவே தயாரியுங்கள்.

பலகையில் ஒரு காலக்கோடு போடுங்கள்: கடைசியாகக் குடித்ததிலிருந்து 6 மணிநேரம், 24, 48, 96. ஆறு மணிநேரத்துக்குப் பிறகு நடுக்கமும் வியர்வையும். 6 முதல் 48-க்குள் வலிப்பு. 48 முதல் 96-க்குள் டெலிரியம் ட்ரெமன்ஸ், அதாவது நடுக்கத்தோடு வரும் டெலிரியம். பிறகுதான் ரிசெப்டர். நெடுநாள் குடியில் மூளையை அடக்கும் காபா–ஏ ரிசெப்டர்களின் செயல் மங்கி, தூண்டும் என்எம்டிஏ ரிசெப்டர்கள் கூடியிருக்கின்றன. குடி நின்றதும் அடக்குவது இல்லை, தூண்டுவது மட்டும் மிஞ்சுகிறது. இது புரிந்தால் லோரசெபம் ஏன், ஹாலோபெரிடால் மட்டும் ஏன் கூடாது என்ற கேள்விக்கு மாணவரே பதில் சொல்வார்: முன்னது காபாவின் பக்கம் நிற்கிறது, பின்னது வலிப்பு வரும் எல்லையைத் தாழ்த்துகிறது. கல்லீரல் கெட்டவருக்கு டயசெபமைவிட லோரசெபம் ஏன் நல்லது என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம்: லோரசெபம் ஆக்சிஜனேற்றம் இல்லாமல் நேரடியாகக் குளுகுரோனைடாக வெளியேறுகிறது.

அடுத்தது தயமின், அதாவது வைட்டமின் பி1. முதலாண்டு உயிர்வேதியியலில் படித்த பைருவேட் டிஹைட்ரஜனேஸை மாணவர் நினைவிலிருந்து எடுக்கட்டும். அதற்குத் துணைப்பொருள் தயமின். தயமின் இல்லாதவருக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருப்பதும் தீர்ந்து, மாமில்லரி பாடியும் தாலமஸின் நடுப்பகுதியும் அடிவாங்கும். இரண்டாவது மூளைத் துண்டை இப்போது காட்டுங்கள். கண் அசைவுக் கோளாறு, தள்ளாட்டம், குழப்பம் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் வெர்னிக்கே (தயமின் குறைவால் வரும் மூளைப் பாதிப்பு) என்று காத்திருக்கக் கூடாது. மூன்றும் சேர்வது சிறுபான்மையோரிடமே. சந்தேகம் வந்தாலே தயமின் 500 மி.கி. நரம்பு வழியாக நாளுக்கு மூன்று முறை. குடிப்பவரின் குடலில் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. தாழ்சர்க்கரை இருந்தால் தயமினுக்காகக் குளுக்கோஸைத் தாமதப்படுத்தக் கூடாது, இரண்டும் சேர்ந்தே போகட்டும். 'தயமின் முதலில்' என்று மட்டும் மனப்பாடம் செய்த மாணவர் சர்க்கரை 40 இருக்கும் நோயாளிமுன் தயங்கி நின்றுவிடக் கூடாது.

மனநோய் என்று எழுதுமுன்

மூன்றாம் வகுப்பு டெலிரியத்துக்கும் மூளையழற்சிக்கும். 2007-இல் யோசப் டால்மாவ் குழுவினர் விவரித்த என்எம்டிஏ ரிசெப்டர் எதிர்ப்புப் பொருள் மூளையழற்சியே இங்கு மையம். பெரும்பாலும் இளம் பெண். சில நாட்களில் திடீரென்று பயம், உறக்கமின்மை, மாயக்குரல். பிறகு வலிப்பு, வாயும் முகமும் தானாக அசைதல், அசையாமல் உறைந்துபோதல், இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் ஏறி இறங்குதல். சிலருக்குச் சூலகத்தில் டெரட்டோமா என்ற கட்டி இருக்கும். மயக்க மருந்தான கீட்டமின் அதே ரிசெப்டரை அடைத்து மனச்சிதைவைப் போன்ற நிலையை உண்டாக்குகிறது என்பதோடு சேர்த்துச் சொன்னால் இந்த நோய் மறக்காது.

இங்கே மாணவர் கையோடு கொண்டுபோக வேண்டியவை சில கேள்விகளே. தொடங்கி எத்தனை நாள்? காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரியா? காய்ச்சல் உண்டா, வலிப்பு உண்டா? குரல் கேட்பதைவிட உருவம் தெரிவது அதிகமா? மார்கழியிலிருந்து பின்னோக்கி மாதங்களைச் சொல்ல முடிகிறதா? மருந்து தொடங்கியதும் அளவுக்கு மீறி விறைத்தாரா? உறைந்த நிலையில் இருப்பவருக்கு லோரசெபம் 1 முதல் 2 மி.கி. நரம்பில் கொடுத்துப் பத்து நிமிடத்தில் மறுபடி பார்ப்பது, முடிந்தால் நேரிலேயே காட்ட வேண்டியது. பேசாதவர் பேசத் தொடங்குவதைப் பார்த்த மாணவருக்கு காபாவைப் பற்றி அப்புறம் எதுவும் சொல்ல வேண்டாம்.

மனச்சோர்வும் பயமும்

மனச்சோர்வு வகுப்பில் ஒரு வாக்கியத்தை நீக்குவதே பாதி வேலை: 'செரட்டோனின் குறைந்ததால் மனச்சோர்வு.' 2022-இல் வெளியான விரிவான மறுபார்வை அதற்கு நிலையான சான்றில்லை என்று காட்டியது. மருந்து வேலை செய்வதில்லை என்று அதற்குப் பொருளில்லை. மாணவர்கள் அப்படித்தான் பொருள்கொள்வார்கள், உடனே திருத்துங்கள். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து சில மணிநேரத்திலேயே செரட்டோனின் கடத்தியை அடைக்கிறது, மனநிலை தெளிய வாரங்கள் ஆகின்றன. இடையில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி. தன்னைத்தானே தணிக்கும் ரிசெப்டர்கள் மெல்லத் தளர்வதும், நரம்பிணைப்புகள் மாறுவதும், முகங்களையும் நிகழ்வுகளையும் இருட்டாகவே பார்க்கும் பழக்கம் சிறிது சிறிதாக விலகுவதும் இன்றைய விளக்கங்கள். எதுவும் முடிந்த விடையில்லை என்று சொல்லிக் கற்பிப்பது நேர்மை. உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருப்பதால் குமட்டல் முதல் நாளே வரும், பலன் பிறகுதான் வரும். இதை முன்பே சொல்லாததால் முதல் வாரத்திலேயே மாத்திரையை நிறுத்துபவர்கள் பலர்.

பய வகுப்புக்கு பஸ் விபத்துக்குப் பிறகு பஸ்ஸில் ஏற முடியாத ஒருவர் போதும். அமிக்டலாவில் பதிந்த பயம் அழிவதில்லை. முன்நெற்றிப் புறணியின் கீழ்ப்பகுதி வழியாக 'இப்போது ஆபத்தில்லை' என்ற புதிய பாடம் அதன்மேல் ஏறுகிறது. ஆகவே பயம் தணியும்வரை அந்த இடத்தில் இருக்க வேண்டும், பல தடங்களில், பல நேரங்களில் செய்ய வேண்டும், ஏறுமுன் பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரையைப் போட்டுக்கொண்டால் பாடம் சரியாகப் பதியாமல் போகலாம். பேச்சு சிகிச்சைக்கு மூளையில் இடமில்லை என்று நினைக்கும் மாணவருக்கு 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்லுங்கள்: ஒசிடி (விடாத எண்ணங்களும் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களுமான நோய்) உள்ளவர்களில் ஃப்ளூஆக்ஸிடின் எடுத்துத் தேறியவருக்கும், மருந்தே இல்லாமல் நடத்தைச் சிகிச்சையில் தேறியவருக்கும், காடேட் பகுதியின் குளுக்கோஸ் பயன்பாடு ஒரேபோலக் குறைந்தது.

குடும்பத்தாரிடம் இரண்டு நிமிடம்

ஒவ்வொரு வகுப்பின் கடைசிப் பதினைந்து நிமிடமும் இதற்கே. ஒருவர் மருத்துவர், ஒருவர் தாய், மற்றவர்கள் கவனிப்பவர்கள். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: 'உங்க பையனுக்கு மூளையில டோபமின்னு ஒரு கெமிக்கல் ஜாஸ்தியாயிடுச்சு, மாத்திரை போட்டா சரியாயிடும்.' தாய் வேடத்தில் இருப்பவர் உடனே, 'அப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணி எவ்வளவு இருக்குன்னு பாருங்க' என்று கேட்கட்டும். அதற்கு பதில் இல்லை.

முதலில் அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கப் பழக்குங்கள். செய்வினை, கண்ணேறு, நரம்புத் தளர்ச்சி, காதல் தோல்வி, எதுவும் வரலாம். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்விட்டு வந்திருந்தால் அதை இடித்துப் பேச வேண்டாம். கட்டிப்போட்டார்களா, அடித்தார்களா, சாப்பாடு நிறுத்தினார்களா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு இதுபோல:

'அம்மா, நம்மளைச் சுத்தி ஆயிரம் சத்தம், ஆயிரம் விஷயம் நடக்குது. இதுல எது நமக்கானது, எதைக் கண்டுக்க வேண்டாம்னு மூளை தானே பிரிச்சுடும். தம்பிக்கு இப்ப அந்தப் பிரிக்கிற வேலை சரியா நடக்கலை. பக்கத்து வீட்டுக்காரர் இருமினாக்கூட தன்னைக் குறிச்சு இருமுற மாதிரி அவருக்கு நிஜமாவே படுது. வேணும்னு பண்ணலை, உங்க வளர்ப்பும் காரணமில்லை. மாத்திரை அந்த அழுத்தத்தைக் குறைக்கும். சந்தேகம் ஒரே நாள்ல போகாது, சில வாரம் ஆகும். கழுத்து இழுத்துச்சுன்னா, கண்ணு மேல போச்சுன்னா பயப்படாதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க, அதுக்கு ஊசி இருக்கு. நல்லாயிட்டாரேன்னு நீங்களா மாத்திரையை நிறுத்தக் கூடாது. இப்ப நான் சொன்னதை வீட்டுல அப்பாகிட்ட எப்படிச் சொல்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்.'

கடைசிக் கேள்வியை மாணவர்கள் கூச்சத்தில் விட்டுவிடுவார்கள். தாய் திருப்பிச் சொல்லும்போதுதான் எது போய்ச் சேர்ந்தது என்று தெரியும். ஆகவே அதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள். இன்னொன்று: நோயை உடலின் காரணமாக மட்டும் விளக்கினால் பழி சொல்வது குறைகிறது, ஆனால் 'இது மாறவே மாறாது' என்ற எண்ணம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே தேறும் வாய்ப்பு, தூக்கம், கஞ்சா தவிர்த்தல், வேலைக்குத் திரும்புதல் பற்றிய ஒரு வாக்கியமாவது ஒவ்வொரு விளக்கத்திலும் இருக்க வேண்டும்.

ஸ்கேன் படங்களைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. மூளையின் செயல்பாட்டைக் காட்டும் வண்ணம் பூசிய எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் படம் ஒன்றைத் திரையில் போட்டால் மாணவர்கள் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்கள். அது பலரின் சராசரி. தனி ஒருவருக்கு மனச்சிதைவு இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வார்டில் ஸ்கேன் எடுப்பது கட்டி, இரத்தக்கசிவு, அழற்சி போன்றவற்றை விலக்கவே.

மதிப்பிடுவது

'நான்கு பாதைகளை எழுதுக' என்று கேட்டால், நான்கு பாதைகளை எழுதத்தான் படிப்பார்கள். பத்து மதிப்பெண், எட்டு நிமிடம், ஒரே ஓஸ்கி (செய்துகாட்டும் மருத்துவத் தேர்வு) நிலையம்: நோயாளிக் குறிப்பு ஒன்றும் வெள்ளைத்தாளும் கொடுங்கள். சரியான சுற்றை வரைவதற்கு 2. அறிகுறி ஏன் வந்தது என்று அதன்மேல் காட்டுவதற்கு 2. அடுத்த ஒரு மணிநேரத்தில் செய்யப்போவதை மருந்து, அளவு, வழி சகிதம் சொல்வதற்கு 3. நோயாளியின் தாயாக நடிப்பவரிடம் விளக்க 2, திருப்பிச் சொல்லச் சொன்னதற்கு 1. ஆங்கிலச் சொல் எதுவும் விளக்காமல் விழுந்தால் ஒன்று குறையும்.

இதே நிலையத்தை மூன்று மாதம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு முறை நடத்துங்கள். சுற்றைச் சரியாக வரைந்தும் மருந்தில் தடுமாறுபவர்கள் அதிகமிருந்தால், வகுப்பில் வரைவதற்கு நேரம் கூடி நோயாளிகளுக்குக் குறைந்துவிட்டது. மருந்து சரியாக வந்து காரணம் வராவிட்டால் அவர்கள் பி.ஜி. மாணவரைப் பார்த்து எழுதக் கற்றிருக்கிறார்கள். அடுத்த குழுவுக்கு நான்கு நோயாளிகளில் ஒருவரை மாற்றி, புத்தகத்தில் இல்லாத கலவையாக ஒருவரைக் கொடுங்கள்: குடி நிறுத்திய இரண்டாம் நாளில், ஹாலோபெரிடால் போட்டபின், கழுத்து திருகி வருபவர்.